மானிட்டர்ல எழுத்து பொடிசா தெரியுதா? ரெசல்யூஷன்ல கை வைக்காதீங்க

ஃப்ரெண்ட் ஒருத்தன் ஆசையா 27 இன்ச் 4கே மானிட்டர் வாங்கினான். ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி, "மச்சான், காசு தண்டம்டா, பழைய 24 இன்ச்சே இதவிட தெளிவா இருந்துச்சு"ன்னு புலம்பல். நேர்ல போய்ப் பாத்தா விஷயம் புரிஞ்சுது. லேப்டாப்ல சொருகினதும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரிஞ்சிருக்கு, இவன் செட்டிங்ஸ்ல போய் ரெசல்யூஷன 1920×1080க்கு இறக்கிட்டான். எழுத்து பெருசாச்சு, கூடவே மங்கலாவும் ஆச்சு. அவன் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல, நிஜமாவே பழைய மானிட்டர் தெளிவாத்தான் இருந்திருக்கும், ஏன்னு கீழ கணக்கு போட்டுக் காட்டறேன்.

இதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறதுதான் பாதி குழப்பம். ரெசல்யூஷன்னா கம்ப்யூட்டர் மானிட்டருக்கு எத்தன புள்ளியில படம் வரைஞ்சு அனுப்புதுங்கறது. ஸ்கேலிங்னா அந்தப் புள்ளிகள வச்சு எழுத்து, பட்டன், ஐகான் எல்லாத்தையும் எவ்வளவு பெருசா வரையணுங்கறது. எழுத்து சின்னதா இருக்குன்னா மாத்த வேண்டியது ரெண்டாவது. மொதல்ல சொன்னத மானிட்டர் எதுக்குப் பொறந்துச்சோ அதுலயே விட்டுரணும்.

பொறந்துச்சோன்னு சும்மா சொல்லல. பழைய குண்டு மானிட்டர்ல, அதாவது சிஆர்டில, எலக்ட்ரான் கதிர் திரையில கோடு கோடா ஓடி படம் வரையும், அதனால 800×600 குடுத்தாலும் 1024×768 குடுத்தாலும் ஓரளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கும். இப்ப இருக்கற எல்சிடி, ஓஎல்இடி ரெண்டுலயும் ஃபேக்டரியிலயே இத்தன புள்ளின்னு எண்ணி வச்சுட்டாங்க. கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. அந்த எண்ணிக்கைதான் நேட்டிவ் ரெசல்யூஷன். சாதா ஃபுல் எச்டி மானிட்டர்னா 1920×1080, மொத்தம் கிட்டத்தட்ட 20.7 லட்சம் பிக்சல். கியூஎச்டின்னா 2560×1440, கிட்டத்தட்ட 37 லட்சம். 4கேன்னா 3840×2160, கிட்டத்தட்ட 83 லட்சம், அதாவது ஃபுல் எச்டி மாதிரி சரியா நாலு மடங்கு.

இப்ப கட்டம் போட்ட கணக்கு நோட்ட மனசுல வச்சுக்கோங்க. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல், ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு கலர்தான் அடிக்க முடியும், பாதி கட்டத்துக்கு மட்டும் அடிக்க முடியாது. "ட"ன்னு ஒரு எழுத்து எழுதறீங்க, அதோட நேர்க்கோடு சரியா ஒரு கட்டம் அகலம், கருப்பு. பக்கத்துக் கட்டம் வெள்ளை. ஓரம் கத்தி மாதிரி இருக்கும். இதே படத்த 1920×1080ல வரைஞ்சு 2560×1440 மானிட்டருக்கு அனுப்பினா என்ன ஆகும்? மூணு கட்டத்துல இருந்தத நாலு கட்டத்துல பரப்பணும். ஒரு கட்டம் அகலமா இருந்த கோடு இப்ப ஒண்ணேகால் கட்டத்தவிட கொஞ்சம் ஜாஸ்தியா வரும். முழுசா ஒரு கட்டம் கருப்பு, மிச்சத்துக்கு பக்கத்துக் கட்டத்துல சாம்பல் பூசி ஒப்பேத்தும். அந்த சாம்பல்தான் உங்க கண்ணுக்கு மங்கலாத் தெரியறது. ஒவ்வொரு எழுத்தோட ஒவ்வொரு கோட்டுக்கும் இதே கதை, அதுவும் ஒரு கோட்டுக்கு இடது பக்கம் சாம்பல், இன்னொண்ணுக்கு வலது பக்கம், அதான் அரை மணி நேரம் படிச்சாலே கண்ணு வலிக்குது.

அப்ப 4கேல 1080 வச்சா சரியா ரெண்டு மடங்குதானே, ஒரு கட்டத்துக்கு நாலு கட்டம் கணக்கா வந்துருமேன்னு கேட்டா, கேள்வி நியாயம்தான். ஆனா நிறைய மானிட்டர் அப்படி சுத்தமா பெருக்காது, எதுவா இருந்தாலும் கொஞ்சம் கொழைச்சு மென்மையாக்கித்தான் காட்டும். கிராஃபிக்ஸ் டிரைவர்ல இன்டீஜர் ஸ்கேலிங்னு ஒண்ணு இருந்தா அது சுத்தமா பெருக்கும், பழைய பிக்சல் கேம் ஆடறவங்களுக்கு அது வரம். அப்படியே சுத்தமா வந்தாலும் உங்க கைல இருக்கறது 27 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர்தான், மிச்ச 62 லட்சம் பிக்சல் சும்மா ஜோடி சேந்து நிக்குது.

என் ஃப்ரெண்ட் கணக்கு இப்ப வருது. ஒரு இன்ச்சுக்கு எத்தன பிக்சல்னு பாக்கறதுதான் பிபிஐ. அகலத்தோட வர்க்கம், உயரத்தோட வர்க்கம் ரெண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மூலைவிட்ட இன்ச்சால வகுத்தா வந்துரும், ஸ்கூல்ல படிச்ச பித்தாகரஸ் ஒருவழியா ஒரு வேலைக்கு ஆச்சு. 24 இன்ச் ஃபுல் எச்டிக்கு 92 வரும். 27 இன்ச்ல அதே ஃபுல் எச்டின்னா 82தான். அவன் ரெசல்யூஷன இறக்கினதுல 163 பிபிஐ இருக்கற மானிட்டர 82 ஆக்கிட்டான், பழைய 92 தெளிவா தெரியாம என்ன பண்ணும்?

சரி, ஸ்கேலிங் எவ்வளவு வைக்கறது

விண்டோஸ்ல டெஸ்க்டாப்ல காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்க. மேல 1, 2ன்னு ரெண்டு பெட்டி இருக்கும், மொதல்ல எந்த மானிட்டர மாத்தணுமோ அந்தப் பெட்டிய கிளிக் பண்ணுங்க. இத மறந்துட்டு லேப்டாப் திரைய மாத்திட்டு "ஒண்ணுமே ஆகலயே"ன்னு உக்காந்திருந்தவன்தான் நானும். எது எதுன்னு தெரியலன்னா ஐடென்டிஃபை அமுக்கினா திரையிலயே நம்பர் வரும். கீழ டிஸ்ப்ளே ரெசல்யூஷன்ல ரெக்கமண்டட்னு போட்டிருக்கறது பெரும்பாலும் நேட்டிவ்தான், மானிட்டர் பெட்டியில போட்டிருக்கற எண்ணோட ஒத்துப் பாத்துக்கோங்க. அதுக்கு மேல இருக்கற ஸ்கேல்தான் நீங்க விளையாட வேண்டிய இடம்.

விண்டோஸ் 100 சதவீதம்னு சொல்றது ஒரு இன்ச்சுக்கு 96 புள்ளிங்கற பழைய கணக்க வச்சு. அதனால உங்க மானிட்டரோட பிபிஐய 96 பக்கத்துல கொண்டுவர எந்த சதவீதம் தேவையோ அதுதான் ஆரம்பப் புள்ளி. 24 இன்ச் ஃபுல் எச்டி 92, அப்ப 100. 27 இன்ச் கியூஎச்டி 109, அதுக்கும் 100 போதும், கண்ணாடி போட்டவங்க 125 வச்சுக்கலாம். 27 இன்ச் 4கே 163, அதுக்கு 150 வச்சா 163ஐ ஒன்றரையால வகுத்து அதே 109 வரும், அதாவது கியூஎச்டி மானிட்டர்ல தெரியற அதே சைஸ்ல எழுத்து, ஆனா வெண்ணெய் மாதிரி வழவழன்னு. 32 இன்ச் 4கே 138 வரும், 125ஓ 150ஓ உங்க இஷ்டம்.

இங்கதான் நிறைய பேருக்கு ஒரு சந்தேகம். 150 வச்சா 4கேல இடம் கொறஞ்சுருமே, அப்ப எதுக்கு 4கே வாங்கணும்? இடம் கொறையும், வாஸ்தவம்தான், 4கே 150ல ஒரு கியூஎச்டி மானிட்டர்ல எவ்வளவு ஜன்னல் பரப்ப முடியுமோ அவ்வளவுதான், 200ல ஃபுல் எச்டி அளவு. ஆனா எழுத்த வரையறது 83 லட்சம் பிக்சல வச்சு. "ஞ", "ஹ" மாதிரி சுழி நிறைய இருக்கற எழுத்த கிட்டக்க வச்சுப் பாருங்க, 100 சதவீத ஃபுல் எச்டில சின்ன சைஸ்ல அந்தச் சுழி உள்ள அடைஞ்சு ஒரு கரும்புள்ளி ஆயிடும், 4கே 150ல உள்ள வெள்ளை தெரியும். தமிழ் நிறைய படிக்கறவங்க, டைப் பண்றவங்களுக்கு 4கே தர்ற லாபம் அதுல தெரியும். 4கே வாங்கறது இடத்துக்குன்னு நெனைக்காம தெளிவுக்குன்னு நெனச்சா வருத்தமே வராது.

எவ்வளவு தெளிவு போதும்னும் ஒரு அளவு இருக்கு. நல்ல பார்வை உள்ள கண்ணு பிரிச்சுப் பாக்கற கோணம் ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்குன்னு எடுத்துக்குவாங்க. 60 செமீ தள்ளி உக்காந்தா அது 145 பிபிஐ கிட்ட வரும். அதுக்கு மேல போனா தனித்தனி புள்ளி தெரியறது கஷ்டம். 27 இன்ச் 4கே அந்தக் கோட்ட தாண்டிருச்சு, அதனாலதான் அத பாக்கும்போது அச்சடிச்ச தாள் மாதிரி இருக்கு.

கஸ்டம் ஸ்கேலிங்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல 137ன்னெல்லாம் போட்டு வைக்காதீங்க. அது எல்லா மானிட்டருக்கும் சேத்து ஒரே சதவீதமா உக்காந்துக்கும், லேப்டாப் திரையும் கெடும். எழுத்து மட்டும்தான் பெருசாகணும், பட்டனெல்லாம் அப்படியே இருக்கட்டும்னா அக்செசிபிலிட்டில டெக்ஸ்ட் சைஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, அத இழுங்க.

லேப்டாப்பும் மானிட்டரும் பக்கத்துல பக்கத்துல வச்சு வேலை செய்யறவங்க ரெண்டுலயும் எழுத்து ஒரே சைஸா தெரியணும்னு ஆசப்படுவாங்க. 14 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப் 157 பிபிஐ. அதுக்கு 150 வச்சா 105, பக்கத்துல 27 இன்ச் கியூஎச்டி 100ல 109. கிட்டத்தட்ட ஜோடி சேந்துருச்சு. ரொம்ப மில்லிமீட்டர் கணக்கு பாக்காதீங்க, லேப்டாப் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கும், மானிட்டர் தள்ளி இருக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாதான் சரியாவே தெரியும்.

இன்னொரு பொறி: டூப்ளிகேட் மோட். லேப்டாப்ல இருக்கறதே மானிட்டர்லயும் தெரியணும்னு வச்சிருந்தா, ரெண்டுக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷன கம்ப்யூட்டர் எடுத்துக்கும், அது பெரும்பாலும் ரெண்டுல சின்னதோடதா இருக்கும். 4கே மானிட்டர் பாவம் ஃபுல் எச்டில ஓடும், நீங்க எத்தன தடவ செட்டிங்ஸ் போனாலும் சரியா வராது. விண்டோஸ் கீயோட பி எழுத்த சேத்து அமுக்கி எக்ஸ்டெண்ட் குடுங்க, இல்ல செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி குடுங்க, முடிஞ்சுது.

மேக் வேற மாதிரி

மேக்ல சதவீதமே கெடையாது, "எழுத்து பெருசு"ல இருந்து "இடம் ஜாஸ்தி" வரைக்கும் நாலஞ்சு படம் காட்டி இதுல ஒண்ண எடுத்துக்கோங்கும். 4கே மானிட்டர்ல 2560×1440 மாதிரி தெரியறத எடுத்தா, ரெசல்யூஷன இறக்கிட்டமோன்னு பயந்துராதீங்க. உள்ளுக்குள்ள அது மொதல்ல ரெண்டு மடங்கா, 5120×2880ல படத்த வரைஞ்சு, அப்பறம் அத 3840×2160க்கு சுருக்கி அனுப்பும். பெருசா வரைஞ்சு சுருக்கறதால மங்கல் அவ்வளவா தெரியாது, ஆனா கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலை கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அளவு பாருங்க, 5120×2880ன்னே வரும், எனக்கு மொதல் தடவ பாத்தப்ப ஆச்சரியமா இருந்துச்சு.

மேக்ல நெஜமா மாட்டிக்கறது 27 இன்ச் கியூஎச்டி மாதிரி நடுவாந்தர மானிட்டர் வச்சிருக்கறவங்கதான். 2018ல வந்த மொஹாவி வெர்ஷன்ல, ஒரு பிக்சலுக்குள்ள இருக்கற சிவப்பு பச்சை நீலத்த தனித்தனியா வச்சு எழுத்து ஓரத்த நைஸ் பண்ற வேலைய ஆப்பிள் வழக்கமான செட்டிங்ஸ்ல இருந்து எடுத்துட்டாங்க. 200க்கு மேல பிபிஐ இருக்கற அவங்க சொந்தத் திரையில அது தேவையே இல்ல. 109ல தேவை. அதே மானிட்டர் விண்டோஸ்ல பளிச்சுன்னும் மேக்ல சொதசொதன்னும் தெரியறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம், மானிட்டர கொற சொல்லாதீங்க.

லினக்ஸ்ல திரையில ஜன்னல வரையற அடிப்படை சிஸ்டம் ரெண்டு இருக்கு, பழசு எக்ஸ்11, புதுசு வேலாண்ட், உங்களோடது எதுல ஓடுதுன்னு மொதல்ல பாருங்க. ரெண்டு மானிட்டருக்கு ரெண்டு ஸ்கேல் வேணும்னா வேலாண்ட் பக்கம் போறது நல்லது. கேடிஇங்கற டெஸ்க்டாப்ல 125, 150 எல்லாம் செட்டிங்ஸ்லயே கெடைக்கும்.

கேபிள்

இத தனியா சொல்லணும், ஏன்னா எல்லாம் சரியா வச்சும் லிஸ்ட்ல 4கேவே வரல, இல்ல வந்தும் மவுஸ் இழுத்தா திக்கித்திக்கிப் போகுதுன்னா ஆள் இங்கதான் ஒளிஞ்சிருப்பான். 4கேல ஒரு பிக்சலுக்கு 24 பிட், ஒரு செகண்டுக்கு 60 தடவ படம்னா பிக்சல் மட்டுமே கிட்டத்தட்ட 12 ஜிகாபிட் ஆகுது. எச்டிஎம்ஐ 1.4ங்கறது மொத்தமா 10.2 ஜிகாபிட் குழாய், அதுலயும் படத்துக்குன்னு நிக்கறது எட்டு சொச்சம்தான். பத்தாது. அதனால 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது செகண்டுக்கு 30 தடவைக்கு இறங்கிரும். 2013ல வந்த எச்டிஎம்ஐ 2.0 18 ஜிகாபிட், அதுல 4கே 60 தாராளமா போகும். எச்டிஎம்ஐ மாதிரியே இன்னொரு வகை போர்ட்டான டிஸ்ப்ளேபோர்ட் 1.2லயும் போகும்.

நானே ரெண்டு மாசம் 30 ஹெர்ட்ஸ்ல வேலை பாத்தேன், மவுஸ்ல பேட்டரி வீக்குன்னு நெனச்சு ரெண்டு தடவ பேட்டரி வேற மாத்தினேன். டிராயர்ல கெடந்த பழைய கேபிள், புது மானிட்டரோட வந்தது பிரிக்காம பெட்டிக்குள்ளயே இருக்கு. உங்க மவுஸ் முள்ள வட்டமா சுத்திப் பாருங்க, அம்புக்குறி விட்டுவிட்டு தாவுற மாதிரி இருந்தா அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல போய் ரெஃப்ரெஷ் ரேட் பாத்துருங்க. அதே பக்கத்துல டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட்னு ரெண்டு வரி இருக்கும், ரெண்டுலயும் ஒரே எண் இருக்கணும். ஒண்ணுல 1920×1080, இன்னொண்ணுல 3840×2160ன்னா நடுவுல கிராஃபிக்ஸ் கார்டு இழுத்துப் பெருசாக்கி அனுப்பிட்டிருக்கு.

கேபிள் மட்டும் புதுசா இருந்தா பத்தாது. லேப்டாப் போர்ட், நடுவுல ஒரு போர்ட்ட இன்னொண்ணா மாத்தற டாங்கிள், கேபிள், மானிட்டர் போர்ட், நாலுல எது பழசோ அதோட வேகம்தான் மொத்தத்துக்கும். யூஎஸ்பி-சி ஹப்ல அடிக்கடி வர்ற சிக்கல், ஒரே கேபிள்ல படமும் போகணும் யூஎஸ்பி டேட்டாவும் வேகமா போகணும், அதனால கேபிளுக்குள்ள இருக்கற நாலு லேன்ல, அதாவது நாலு தனித்தனி பாதையில, ரெண்ட டேட்டாவுக்கு குடுத்துருவாங்க, மிச்ச ரெண்டுல பழைய லேப்டாப்ல 4கே 30தான் தேறும். ஹப் வாங்கும்போது 4கேன்னு பெருசா எழுதியிருக்கும், பக்கத்துல 30ஆ 60ஆன்னு பொடி எழுத்துல இருக்கறதத்தான் படிக்கணும். சில மானிட்டர்ல அதோட சொந்த மெனுவுலயே போர்ட் வெர்ஷன் பழசுல வச்சிருப்பாங்க, அதையும் ஒரு தடவ பட்டன அமுக்கிப் பாத்துருங்க.

லிஸ்ட்ல 1024×768 மாதிரி அரதப்பழசு மட்டும்தான் வருதுன்னா அது வேற கேஸ். சொருகின உடனே மானிட்டர் "நான் இந்த மாடல், எனக்கு இந்த ரெசல்யூஷன் எல்லாம் வரும்"னு ஒரு சின்ன குறிப்பு அனுப்பும், இடிஐடின்னு பேரு. நடுவுல இருக்கற மட்டமான அடாப்டரோ ஸ்விட்ச் பெட்டியோ அத முழுங்கிட்டா கம்ப்யூட்டருக்கு யார் வந்திருக்காங்கன்னே தெரியாது, பாதுகாப்பா சின்னதா ஒண்ணக் குடுத்துரும். நடுவுல இருக்கறதெல்லாம் கழட்டிட்டு நேரா சொருகிப் பாருங்க. கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாம விண்டோஸ் புதுசா போட்ட மிஷின்லயும் இதே மாதிரிதான் வரும்.

டிவிய மானிட்டரா வச்சிருந்தா ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி காணாம போகும், அது டிவி காலத்துப் பழக்கம், ஓவர்ஸ்கேன். டிவி மெனுல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் மாதிரி ஏதோ ஒரு பேர்ல இருக்கும், போட்டுருங்க. கருப்புல சிவப்பு எழுத்து மட்டும் கலங்கலா இருந்தா கலர் தகவல கொறைச்சு அனுப்புதுன்னு அர்த்தம், டிவில அந்த இன்புட்டுக்கு பிசி மோட் வச்சா நிறைய சமயம் சரியாயிடும்.

ஒரு சாஃப்ட்வேர் மட்டும் மங்கல்னா

மத்ததெல்லாம் பளிச், ஒரு பழைய அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் மட்டும் ஈரத்துணிய போட்டு மூடின மாதிரி இருக்குன்னா, அதுக்கு ஸ்கேலிங்னா என்னன்னே தெரியாது. அது 100 சதவீதத்துல வரையும், விண்டோஸ் அத ஃபோட்டோ மாதிரி இழுத்துப் பெருசாக்கும். அந்த ஐகான்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ், அங்க ஓவர்ரைட டிக் பண்ணி சிஸ்டம் என்ஹான்ஸ்டு வச்சுப் பாருங்க. சிலதுல அழகா சரியாகும், சிலதுல ஒண்ணும் ஆகாது. அப்ளிகேஷன்னு வச்சா ஷார்ப்பா வரும், ஆனா எழுத்து பொடிசாயிடும், சில நேரம் பட்டனெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும். லேப்டாப்ல இருந்து மானிட்டருக்கு ஜன்னல இழுத்ததும் மங்கலாகுதுன்னா அந்த சாஃப்ட்வேர மூடிட்டு மானிட்டர்லயே தொறந்து பாருங்க, அதுலயே பாதி தீரும்.

கடைசியா, தப்பு எந்தப் பக்கம்னு தெரியலன்னா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பி, பெருசாக்கிப் பாருங்க. மெசேஜ்ல அனுப்பினா கம்ப்ரஸ் பண்ணிரும், ஃபைலா அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட்லயும் எழுத்து மங்கல்னா கம்ப்யூட்டரே அப்படித்தான் வரையுது, ஸ்கேலிங்கோ அந்த சாஃப்ட்வேரோதான் காரணம். அளவு நேட்டிவ்வவிட சின்னதா இருந்தா ரெசல்யூஷன் இறங்கிக் கெடக்கு. ஸ்கிரீன்ஷாட் சரியான அளவுல கண்ணாடி மாதிரி தெளிவா இருந்து மானிட்டர்ல மட்டும் கலங்கலா தெரிஞ்சா, கேபிள், டாங்கிள், இல்ல மானிட்டர் மெனுல ஷார்ப்னஸ் யாரோ திருகி வச்சிருக்காங்க. நான் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போனப்ப மொதல்ல செஞ்சதும் இதத்தான், 1920×1080ன்னு வந்துச்சு, ரெண்டு கிளிக்ல 4கே, 150. அப்பறமும் அவன் விடல, மவுஸ் வலது பக்கம் போக மாட்டேங்குதேன்னு கேட்டான். மானிட்டர் மேஜையில வலது பக்கம் இருக்கு, செட்டிங்ஸ்ல 2ங்கற பெட்டி இடது பக்கம் இருக்கு. அத இழுத்து வலது பக்கம் வச்சு அப்ளை குடுத்துட்டு வந்தேன்.